ஊர்லயும் ஓடணும் வெளிநாட்டுலயும் ஓடணும்: போன் எங்க வாங்கறது?

ஜூன் ஜூலை வந்துட்டா நாலு பக்கத்துல இருந்தும் இந்த ஒரே கேள்விதான். ஆகஸ்ட்ல அமெரிக்காவுக்குப் படிக்கக் கிளம்பற பசங்க இங்கயே வாங்கிட்டுப் போகவா, அங்க போய் எடுக்கவான்னு கேக்கறாங்க. துபாய்ல அண்ணன் இருக்காரு, லீவுக்கு வரும்போது ஒண்ணு சொல்லி விடலாமான்னு இன்னொருத்தர். சிங்கப்பூர்ல வொர்க் பெர்மிட்ல இருந்துட்டு திருச்சி வழியா வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வர்றவர் வேற. எல்லாரும் முதல்ல கேக்கறது விலைதான். என்னைக் கேட்டா விலை கடைசி. போன் அதிக நாள் எந்த நாட்டுல இருக்கப் போகுது, உங்க பேங்க் ஓடிபி வர்றது எந்த நாட்டு நம்பருக்கு, இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சிடுச்சுன்னா பாதி முடிவு ஆயிடுச்சு.

இன்னொண்ணு. பெட்டியில அன்லாக்டுன்னு போட்டிருந்தா உலகம் பூரா ஓடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. எந்த கம்பெனி சிம் போட்டாலும் போன் மறுக்காது, அதுக்கு அர்த்தம் அவ்ளோதான். அந்த ஊர் டவர் இந்த போனை ஏத்துக்குமாங்கறது தனி விஷயம்.

## முதல்ல எதையெல்லாம் பாக்கணும்

பேண்ட். ஒவ்வொரு நாட்டு கம்பெனியும் வேற வேற அலைவரிசையில ஓடுது. நம்ம ஊர்ல ஜியோவுக்கு 4ஜியில பேண்ட் 3, 5, 40, 5ஜிக்கு என்28, என்78. ஏர்டெலுக்கும் பேண்ட் 40 முக்கியம். பிஎஸ்என்எல் புது 4ஜின்னா பேண்ட் 28-உம் 1-உம். அமெரிக்கா போனா கணக்கே மாறிடும், அங்க டி-மொபைலுக்கு 2, 66, 12, 71, அதோட 5ஜிக்கு என்41, என்71, வெரைசனுக்கு 13, ஏடி&டி-க்கு 12, 14, 30 அப்படின்னு ஓடும். ஜப்பான்ல டோக்கோமோ எடுத்தா 19 இருக்கணும். கடைக்காரர்கிட்ட கேக்காதீங்க, "எல்லாம் சப்போர்ட் பண்ணும் சார்"னுதான் சொல்வார். கம்பெனி சைட்ல அந்த மாடல் நம்பரை வெச்சுத் தேடிப் பாருங்க, பேர் ஒண்ணா இருந்தாலும் நாட்டுக்கு நாடு மாடல் நம்பர் வேற.

வோல்ட்இ. நிறைய பேர் மாட்டறது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். முன்னாடி 4ஜியில பேண்ட் கிடைக்கலன்னா கூட 3ஜி, 2ஜியில போய் கால் போயிடும். இப்ப அந்தக் கதவு ஒவ்வொண்ணா சாத்திட்டு வர்றாங்க. அமெரிக்காவுல மூணு பெரிய கம்பெனியும் 2022-லயே 3ஜியை நிறுத்திட்டாங்க. சிங்கப்பூர்ல 2ஜி 2017-லயும் 3ஜி 2024-லயும் போயிடுச்சு. ஜியோவுக்கு 2ஜி 3ஜி எப்பவுமே இருந்ததில்ல. அப்ப கால் பேசணும்னா 4ஜி மேலயே குரல் போகணும், அதுக்குப் பேர்தான் வோல்ட்இ, போன் கம்பெனியும் சிம் கம்பெனியும் ரெண்டு பேரும் அந்த மாடலுக்கு அதை ஆன் பண்ணி வெச்சிருக்கணும். நெட் ஜம்முன்னு வரும், கால் மட்டும் போகாது, போன் ரிப்பேர்னு நினைச்சுட்டு அலைவாங்க. ஏடி&டி ஒரு படி மேல போய் ஒரு லிஸ்ட்டே வெச்சிருக்கு, லிஸ்ட்ல இல்லாத போனை சேத்துக்கறதில்ல. ஆஸ்திரேலியாவுல 2024 அக்டோபர்ல 3ஜி நின்னதுல இருந்து, அவசர எண் 000-க்கு 4ஜியில கால் பண்ண முடியாத போனை நெட்வொர்க்கே தடுத்துடணும்னு விதி. வெளிநாட்டுல வாங்கின நல்ல போன்களும் இதுல மாட்டுச்சு.

சிம் ட்ரே. அமெரிக்க ஐபோன்ல 2022-ல வந்த 14 சீரிஸ்ல இருந்தே ட்ரே கிடையாது, வெறும் இ-சிம்தான், அதாவது தனி சிம் கார்டு இல்லாம போனுக்குள்ளயே ஏத்தற சிம். 2025-ல ஐபோன் 17 வந்தப்ப அந்த லிஸ்ட்ல கனடா, மெக்சிகோ, ஜப்பான், அப்புறம் அமீரகம், சவுதி, கத்தார், குவைத், பஹ்ரைன், ஓமன் எல்லாம் சேந்துடுச்சு. ஐபோன் ஏர் எந்த நாட்டுல வாங்கினாலும் ட்ரே இல்ல. கூகுள் பிக்சல் 10-ம் அமெரிக்காவுல இ-சிம் மட்டும்தான். கல்ஃப்ல இருந்து போன் சொல்லி விடறவங்க இந்த பாராவை இன்னொரு தடவை படிங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா: லாக் இருக்கா இல்லையா, வாரண்டி எந்த நாட்டுல செல்லும், உடைஞ்சா பார்ட்ஸ் கிடைக்குமா, வரி கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து கடைசியில கையை விட்டுப் போற காசு எவ்ளோ.

## விலை வித்தியாசம் நிஜமா எவ்ளோ

எல்லாரும் இதைத்தான் கேக்கறீங்க, அதனால ஒரு உதாரணம். ஐபோன் 16, 128 ஜிபி, 2024 செப்டம்பர்ல வெளியான விலை, அப்ப இருந்த ரேட்ல தோராயமா ரூபாய்க்கு மாத்தினது:

| எங்க | கடை விலை | ரூபாய்ல | வரி விஷயம் |
|---|---|---|---|
| இந்தியா | 79,900 ரூபாய் | 79,900 | 18% ஜிஎஸ்டி சேத்து |
| அமெரிக்கா | 829 டாலர் | சுமார் 69,500 | மாநில வரி தனி, டெக்சாஸ்ல 8.25% வரைக்கும், ஓரிகன்ல இல்ல |
| சிங்கப்பூர் | 1,299 வெள்ளி | சுமார் 84,000 | 9% ஜிஎஸ்டி சேத்து, டூரிஸ்ட்டா போனா ரீஃபண்ட் |
| துபாய் | 3,399 திர்ஹாம் | சுமார் 77,500 | 5% வாட் சேத்து, டூரிஸ்ட்டுக்கு ரீஃபண்ட் |

பாருங்க, சிங்கப்பூர் விலை நம்ம ஊரை விட ஜாஸ்தி. ஜிஎஸ்டியைத் திருப்பி வாங்கினா 77 ஆயிரம் பக்கம் வரும், அதுக்கும் நீங்க டூரிஸ்ட்டா இருக்கணும், அங்க வேலை பாக்கறவங்களுக்குக் கிடையாது. துபாய்லயும் அப்படித்தான், ரெசிடென்ஸ் விசாவுல இருக்க அண்ணன் வாங்கினா வாட் திரும்பி வராது. இதுக்கு மேல நம்ம ஊர் கிரெடிட் கார்டைத் தேச்சா ஃபாரெக்ஸ் மார்க்கப்னு 3% பக்கம் பிடிப்பாங்க. இங்க வாங்கினா பேங்க் ஆஃபர், பழைய போன் எக்ஸ்சேஞ்ச், இஎம்ஐ எல்லாம் இருக்கு. இந்த நாலாயிரம் அஞ்சாயிரத்துக்காகவா இவ்ளோ யோசனை? அமெரிக்கா ஒண்ணுலதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது, அதுவும் அந்த 829-ஐ கவனிங்க, விளம்பரத்துல 799-ன்னு போட்டிருந்தாங்க, அங்கத்திய கம்பெனி ஒண்ணுல கனெக்ஷன் ஆக்டிவேட் பண்ணாத்தான் அந்த விலை, வெறுமனே அன்லாக்டா எடுத்தா 30 டாலர் கூட.

கஸ்டம்ஸ் வேற இருக்கு. நீங்க பயன்படுத்திட்டு இருக்க போன் கையில இருந்தா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சீல் பிரிக்காத பெட்டி ரெண்டு மூணு பையில இருந்தா கதை வேற, திருச்சி ஏர்போர்ட்ல குருவின்னு நினைச்சு ஓரமா கூப்பிட்டு உக்கார வெச்சுடுவாங்க. வரி இல்லாம எவ்ளோ மதிப்பு வரைக்கும் கொண்டு வரலாம்ங்கற வரம்பு மாறும், கிளம்பறதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ் சைட்ல ஒரு தடவை பாத்துடுங்க.

## இந்தியாவுல வாங்கி எடுத்துட்டுப் போறது

கல்ஃப், சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா போறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான். அந்த நாட்டு 4ஜி 5ஜி பேண்டெல்லாம் நம்ம ஊர்ல விக்கிற நடுத்தர விலை போன்லயே பெரும்பாலும் இருக்கு. சிம் ட்ரே இருக்கு, அதனால ஊர் சிம்மை ட்ரேயில போட்டுட்டு போன்ல இ-சிம் இருந்தா அந்த நாட்டு நம்பரை அதுல வெச்சுக்கலாம். சாம்சங், ஒன்பிளஸ் எதுவா இருந்தாலும் இங்க வாங்கினதுக்குத்தான் இங்க வாரண்டி, லீவுக்கு வரும்போது சர்வீஸ் சென்டர்ல குடுத்து வாங்கிக்கலாம். பேண்ட் 40 இருக்கா, ஜியோ வோல்ட்இ வருமான்னு எதுவும் யோசிக்க வேண்டியதில்ல.

இடிக்கற இடம் அமெரிக்கா. நம்ம ஊர் ஆண்ட்ராய்டு பலதுல 13, 14, 71 எதுவும் இருக்காது. டி-மொபைல் மட்டும் கொஞ்சம் பெரிய மனசு, வெளிநாட்டு போனை ஏத்துக்கும், அதனால அதுல ஓடற மின்ட் மாதிரி மலிவு பிளான்ல சிட்டிக்குள்ள ஓட்டிடலாம், ஆனா பேண்ட் 71 இல்லாம ஊருக்கு வெளிய, ஹைவேயில போனா சிக்னல் தேய ஆரம்பிக்கும். இந்திய ஐபோன் பரவாயில்ல ரகம், மூணு கம்பெனியிலயும் கால் போகும், 71 மாதிரி ஒண்ணு ரெண்டு பேண்ட்தான் இல்ல. யூனிவர்சிட்டி சின்ன ஊர்ல இருக்குன்னா இதை யோசிச்சுக்கோங்க. போன உடனே முதல் ரெண்டு மாசம் ஓட்டறதுக்கு இங்கத்திய போன் போதும், அப்புறம் அங்க எடுத்துக்கலாம்.

இலங்கையில இருக்க சொந்தக்காரங்களுக்கு வாங்கி அனுப்பறவங்க இருந்தா, அங்க தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுல ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்க அடையாள நம்பர்) பதிவாகாத புது போனை 2025 தொடக்கத்துல இருந்து நெட்வொர்க்ல சேக்கறதில்ல. ஐஎம்இஐன்னு அடிச்சு இடம் விட்டு அந்த 15 இலக்க நம்பரைப் போட்டு 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா பதிவாகியிருக்கான்னு பதில் வரும். துருக்கி, இந்தோனேசியாவுலயும் இதே மாதிரி பதிவு முறை இருக்கு, துருக்கியில காசும் நிறைய, 120 நாளுக்கு மேல தங்கறவங்க மட்டும் கவலைப்படலாம்.

## சிங்கப்பூர், துபாய்ல வாங்கறது

அங்கயே குடியிருக்கீங்கன்னா வாங்குங்க, தப்பே இல்ல. அங்க உடைஞ்சா அங்கயே மாத்திக்கலாம், அந்த வசதிக்கு விலை இருக்கு. ஊர்ல இருக்கவங்களுக்காக வாங்கறதுதான் இப்ப அர்த்தமில்லாம போயிடுச்சு. பத்து வருஷம் முன்னாடி விலையில பெரிய வித்தியாசம் இருந்தது, புது மாடல் இங்க வர்றதுக்கே மாசக்கணக்காகும். இப்ப ஐபோன் அதே நாள் சென்னையிலயும் கிடைக்குது.

சிங்கப்பூர் ஐபோன்ல ட்ரே இருக்கு, இந்திய மாடலுக்கும் அதுக்கும் நடைமுறையில பெருசா வித்தியாசம் இல்ல. துபாய் ஐபோன் 17 எடுத்தா ட்ரே போச்சு. சாம்சங்ல ஒரு வில்லங்கம், ரீஜனல் லாக்னு ஒண்ணு இருக்கு, அன்லாக்டு போன்தான் ஆனா பெட்டி மேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், முதல் தடவை அந்தப் பகுதி சிம்மைப் போட்டு அஞ்சு நிமிஷம் கால் பேசி ஆக்டிவேட் பண்ணணும்னு. சீல் பிரிக்காம அப்படியே ஊருக்குக் கொண்டு வந்து குடுத்தா ஜியோ சிம்மை ஏத்துக்காம முரண்டு பிடிக்கும். வாங்கினவர் அங்கயே ஒரு தடவை சிம் போட்டுப் பேசிட்டுக் குடுத்து விடறது நல்லது. இதுல கஸ்டம்ஸ்ல 'யூஸ்டு'ன்னு சொல்லவும் வசதி.

கடையும் பாத்து வாங்கணும். 2014-ல சிம் லிம் ஸ்கொயர்ல ஒரு வியட்நாம் டூரிஸ்ட் ஐபோன் 6-க்கு 950 வெள்ளி கட்டின பிறகு வாரண்டிக்குத் தனியா 1,500 வெள்ளி கேட்டு, அவர் கடையில மண்டி போட்டு அழுத வீடியோ உலகம் பூரா சுத்துச்சு. கடைக்காரருக்கு அப்புறம் ஜெயில் கிடைச்சது. பேரம் பேசி மிச்சம் பிடிக்கற ஆசையை சட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது வெச்சுக்கலாம்.

அமீரகத்துல வாட்ஸ்அப் கால் போகாதே, இந்திய போன் எடுத்துட்டுப் போனா போகுமான்னும் கேக்கறாங்க. போகாது. தடுக்கறது நெட்வொர்க், போன் இல்ல.

## அமெரிக்காவுல முழுக் காசு குடுத்து அன்லாக்டு

ரெண்டு வருஷத்துக்கு மேல அங்க இருக்கப் போறவங்களுக்கு இதுதான் சரி. எல்லா பேண்டும் இருக்கும், எந்த கம்பெனிக்கு வேணா தாவலாம், கறுப்பு வெள்ளி ஆஃபர்ல எடுத்தா இன்னும் குறையும். அமெரிக்க ஐபோன்ல நம்ம ஊர் பேண்ட் 40, என்78, என்28 எல்லாம் இருக்கு, ஊருக்கு வந்தா ஓடும். விலை கம்மியான அமெரிக்க ஆண்ட்ராய்டு எடுக்கறவங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும், சிலதுல பேண்ட் 40 இருக்காது, ஊருக்கு வந்தப்புறம் நெட் நத்தை மாதிரி நகரும்.

மறைஞ்சிருக்க செலவு ட்ரே இல்லாததுதான். அது பெரிய பிரச்னையா, சின்னதா? ஊர்ல உங்க நம்பர் ஏற்கனவே இ-சிம்மா இருந்தா சின்னது. ஜியோ, ஏர்டெல், வி மூணுலயும் இ-சிம் இருக்கு, பிஎஸ்என்எல் 2025 ஆகஸ்ட்ல தமிழ்நாட்டுலதான் ஆரம்பிச்சுது. ஆனா அமெரிக்காவுல உக்காந்துட்டு இந்திய சிம்மை இ-சிம்மா மாத்தறது தலைவலி. அந்த சிம்ல இருந்து எஸ்எம்எஸ் அனுப்பணும், கன்ஃபர்ம் பண்ண கால் வரும், அதை எடுக்கணும், இதெல்லாம் ரோமிங்ல சிக்னல் இருந்தாத்தான் நடக்கும். ட்ரே இருக்க போன் செத்துப் போச்சுன்னா சிம்மை உருவி பக்கத்துல இருக்கவர் போன்ல போட்டு ஓடிபி பாத்துடலாம், இ-சிம்ல அது நடக்காது.

சாம்சங்ல இன்னொரு கணக்கு. எஸ்24, எஸ்24 பிளஸ் ரெண்டும் வெளியானப்ப அமெரிக்காவுல ஸ்னாப்டிராகன் சிப், இந்தியாவுல சாம்சங்கோட சொந்த எக்ஸினாஸ் சிப். அமெரிக்க போன் வேணும்னு ஆசைப்பட இது ஒரு காரணமா இருந்துச்சு, ஆனா எஸ்23-லயும் எஸ்25-லயும் எல்லா நாட்டுலயும் ஸ்னாப்டிராகன்தான், அல்ட்ராவுக்கு எஸ்24-லயும் ஸ்னாப்டிராகனேதான். போர்டு போச்சுன்னா அமெரிக்க மாடலுக்கு இங்க பார்ட் தேடி ரிச்சி ஸ்ட்ரீட்ல அலையணும். ஆப்பிளும் கூட வாரண்டியை வாங்கின நாட்டோட நிறுத்திக்க எங்களுக்கு உரிமை உண்டுன்னு எழுதித்தான் வெச்சிருக்கு.

## பிளான் போட்டா ஃப்ரீ போன்

ஃப்ரீ இல்ல. 24 மாசமோ 36 மாசமோ போன் தவணையை பில்லுல ஏத்துவாங்க, அதே தொகையை மாசாமாசம் கிரெடிட்டா கழிப்பாங்க. நடுவுல கனெக்ஷனை விட்டா மிச்ச கிரெடிட் அம்போ, மிச்சத் தவணை மொத்தமும் ஒரே பில்லுல வந்து உக்காரும். ஆஃபர் கிடைக்கற பிளானும் விலை ஜாஸ்தி பிளானாத்தான் இருக்கும், மின்ட் மாதிரி பிளானோட வித்தியாசத்தை 36 ஆல பெருக்கிப் பாருங்க, போன் காசு அங்கயே ஒளிஞ்சிருக்கும்.

இதை விட பெருசு, அதுவரைக்கும் போன் லாக். ஏடி&டி, டி-மொபைல் ரெண்டும் போனுக்கு முழுக் காசும் கட்டி முடிச்சாத்தான் அன்லாக் பண்ணித் தரும். டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வந்தா ஜியோ சிம் போட முடியாது. நாலஞ்சு பேர் சேந்து ஃபேமிலி பிளான் போட்டு, அங்கயே வேலை, அங்கயே இருப்புன்னு இருக்கவங்களுக்கு கணக்கு ஒத்து வரும். ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ் முடிச்சு எங்க போவோம்னே தெரியாத பசங்க 36 மாசத்துல கையெழுத்துப் போடாதீங்கப்பா.

லாக் தொல்லை அமெரிக்காவுலதான் இவ்ளோ. கனடாவுல 2017 டிசம்பர்ல இருந்தும், பிரிட்டன்ல 2021 டிசம்பர்ல இருந்தும், ஜப்பான்ல 2021 அக்டோபர்ல இருந்தும் லாக் போட்டு விக்கவே கூடாதுன்னு விதி வந்துடுச்சு.

## ஹாங்காங், சீனா மாடல், பர்மா பஜார்

ஹாங்காங் ஐபோன்ல ரெண்டு நிஜ சிம் போடலாம். ஐபோன்தான் வேணும், ஆனா ரெண்டு நாட்டு சிம்மையும் கையில தொட்டுப் பாத்தாத்தான் நிம்மதிங்கறவங்களுக்கு இது ஒரு வழி, மாடல் நம்பர் கடைசியில இசட்ஏ/ஏ-ன்னு இருக்கும். சீனாவுல விக்கிற ஷாவ்மி, விவோ மாடல்கள் வேற ரகம், விலையைப் பாத்தா வாய் பிளப்போம், ஆனா மென்பொருள் அந்த ஊருக்குன்னு செஞ்சது, பேண்டும் குறைவு, இந்திய வோல்ட்இ வரும்னு உத்தரவாதம் இல்ல, வாரண்டி சுத்தமா கிடையாது. கடைக்காரரே குளோபல் மென்பொருளை ஏத்தி விக்கறதும் உண்டு, அடுத்த அப்டேட்டுல என்ன ஆகும்னு அவருக்கே தெரியாது.

பர்மா பஜார் மாதிரி இடத்துல செகண்ட்ஸ்ல அமெரிக்க ஐபோன் எடுக்கறவங்க, அதாவது நம்பர் கடைசியில எல்எல்/ஏ இருக்கறது, செட்டிங்ஸ்ல ஜெனரல், அபவுட் போய் கேரியர் லாக் வரியில 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்'னு இருக்கான்னு பாருங்க. வேற எதாவது இருந்தா அந்தக் கடையை விட்டு வந்துடுங்க. சிம்முக்கு அடியில ஒரு மெல்லிசு சிப்பை வெச்சு அன்லாக்னு தலையில கட்டற போனும் சுத்துது, ஒரு அப்டேட் போட்டா செங்கல். *#06# அடிச்சு ஐஎம்இஐ எடுத்து, கேஒய்எம்னு அடிச்சு இடம் விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422-க்கு அனுப்பினா அது எந்த போனுக்கு உரியதுன்னு பதில் வரும்.

## ரெண்டு போன் வெச்சுக்கறது

இதை யாரும் ஒரு வழியாவே எடுத்துக்கறதில்ல, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச வழி. டிராயர்ல கிடக்கற பழைய போன்ல ஊர் சிம்மைப் போட்டு, டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணி, வேலிடிட்டி ரீசார்ஜ் விடாம போட்டுட்டு வந்தா ஓடிபி எஸ்எம்எஸ் வந்துட்டே இருக்கும். யுபிஐ ஆப்பும் சிம் இருக்க போன்லதான் பதிவாகும், அதனால அதையும் அதுலயே வெச்சுடலாம். புது போன் திருடு போனாலும் பேங்க் கணக்கு தனியா பத்திரமா இருக்கும். அங்கத்திய போன் எந்த மாடலா இருந்தாலும், ட்ரே இல்லாட்டியும் கவலை இல்ல. சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா மாதிரி சில நாட்டு நம்பர்லயே என்ஆர்ஐ கணக்குக்கு யுபிஐ தரலாம்னு 2023-ல அனுமதி வந்துடுச்சு, உங்க பேங்க் குடுக்குதான்னு கேட்டுப் பாருங்க. கஷ்டம்னா ரெண்டு சார்ஜர், ரெண்டு போன் தூக்கணும். அந்த பழைய போன்ல வோல்ட்இ இருக்கணும், இல்லன்னா 2ஜியும் 3ஜியும் இல்லாத நாட்டுல அதுல கால் போகாது, எஸ்எம்எஸும் வராம போகலாம்.

எந்த வழியில போனாலும் ஊர் சிம்மை இ-சிம்மா மாத்தறதா இருந்தா ஃபிளைட் ஏறற அன்னிக்கு வெச்சுக்காதீங்க. நம்ம ஊர்ல சிம் மாத்தினா பாதுகாப்புக்காக 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வெப்பாங்க, ஓடிபி எதுவும் வராது. ஒரு வாரம் முன்னாடியே மாத்திட்டு, ரோமிங் ஆன் ஆகியிருக்கான்னு கம்பெனி ஆப்ல பாத்துட்டு, புது போன்ல ஒரு கால், ஒரு ஓடிபி, ஒரு யுபிஐ மூணையும் வீட்டுலயே போட்டுப் பாத்துட்டுக் கிளம்புங்க.